ரெண்டு சண்முகக்கனி

பெற்ற பிள்ளைகள் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது முதியோர் வகுப்பில் படிப்பவர்கள் எல்லாரும் நம்மாலானதைச் செய்வோம் என்று சோற்றுப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தார்கள். பொட்டலத்தின்மேல் என்ன சோறு என்று எழுதச் சொன்னார் டீச்சர். அவர்களுக்கு அதுவரை எழுத வந்தது அவரவர் பெயர் மட்டும்தான். அதையே எழுதிவிட்டார்கள். மாசானம் கட்டியது தயிர்ச்சோறு, சண்முகக்கனி அம்மாள் கட்டியது புளிச்சோறு. படகில் மாசானம்தான் கொண்டுபோனார். மொட்டைமாடிகளிலிருந்து ஒரே கூச்சல்.

"அண்ணாச்சி, இங்க ரெண்டு சண்முகக்கனி போடுங்க!"

"எங்களுக்கு மாசானம் வேண்டாம், பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்!"

மாசானத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுபது வயதில் எழுதப் பழகிய பெயர். ஒரே ஒருவராவது அதைக் கேட்டு வாங்கக் கூடாதா? கரைக்கு வந்தால் சண்முகக்கனி வேறு சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, போன மாசானம் எல்லாம் அப்படியே திரும்பி வந்துட்டு போல?"

மறுநாள் காலையில் மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அம்மாளின் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதி, தன் தயிர்ச்சோற்றுப் பொட்டலங்களில் எல்லாம் அதையே போட்டார். ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலிக் கூடையோடு அவர் படகைத் திருப்பும்போது மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"நேத்தைவிட இன்னைக்குச் சண்முகக்கனி அருமை! வயித்துக்குக் குளுகுளுன்னு இருக்கு!"

மாசானம் இன்றுவரை பாங்கில் கைநாட்டுதான் வைக்கிறார்.