புல் முளைக்காத இடம்

குவீன்ஸ்டவுன் வீட்டின் சாப்பாட்டு மேசையைப் பொம்மை ரயில் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகிறது. மருதப்பன் காய்ந்த தேயிலைச் சக்கையை மண்ணாகத் தூவி, பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளைப் புல்லாக ஒட்டியிருந்தார். தண்டவாளத்தோரம் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் வெறும் மண்.

மரத்தூள் தீர்ந்துவிட்டது என்று நினைத்த அவர் மனைவி செண்பகம், தேக்கா கடைத்தெருவிலிருந்த தச்சரிடம் கொஞ்சம் வாங்கி வந்து, சாயம் போட்டு அங்கேயும் ஒட்டி வைத்தாள்.

வேலை விட்டு வந்த மருதப்பன் பதறினார். “யாரு இங்க புல்லு ஒட்டுனது?”

“நான்தான்லா. நல்லாருக்கா?”

அவர் கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். “இங்க புல்லு முளைக்காது. நான் இன்ஜின்ல கரி அள்ளிப் போட்ட காலத்துல, தினமும் ஒரு பொண்ணு வந்து நின்னு நின்னு தேஞ்ச இடம் இது.”

“பொண்ணா?” செண்பகத்தின் குரல் மாறியது. “கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்றீங்க! அவளை நினைச்சுத்தான் ஒரு மாசமா இந்த மேசையைக் கட்டி அழறீங்களா?”

“ஆமா.”

சட்டைப் பையிலிருந்து, தீப்பெட்டியில் செய்த குட்டி வீடு ஒன்றை எடுத்து அந்த இடத்துக்குப் பின்னால் வைத்தார். மஞ்சள் கதவு. பக்கத்தில் ரயில்வே கேட்.

புக்கிட் தீமா கேட்கீப்பரின் மகளான செண்பகத்துக்குத் தன் அப்பா வீடு தெரியாதா?

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். அந்த இடத்திலிருந்து தண்டவாளத்தோரமாகவே மெல்லிய கோடாகப் புல்லைச் சுரண்டிக்கொண்டு போனாள்.

“ஏய், என்ன செய்யறே?”

“வண்டி லேட்டானா, அந்த வளைவு வரைக்கும் நடந்துபோய்ப் பார்ப்பேன். உங்களுக்கு எங்க தெரியும்?”