சொன்ன நேரம்

பத்து மணிக்கு அந்தக் கம்பெனியில் கேட்டை மூடிவிடுவார்கள். இன்று தவறினால் அவர்கள் லோடு இனி வேறு லாரிக்குத்தான். லாரி முதலாளி டிரைவருக்குப் போன் போட்டார்.

"எங்கப்பா இருக்க?"

"டீக்கடையில, முதலாளி. இன்னும் அரை மணி ஓட்டம்தான்."

"மணி ஒன்பதே முக்கால். ஒரு நாளும் லேட்டாப் போகாதவன், இன்னிக்குப் பார்த்து டீ குடிக்கிறியே?"

"தினமும்தான் குடிக்கிறேன். பதறாதீங்க. நீங்க பத்துன்னா அங்க பதினொண்ணு. ஒரு மணி நேரம் குறைச்சுத்தான் சொல்வீங்கன்னு டிரைவருங்க எல்லாருக்குமே தெரியும்."



'நம்மள நம்பி ஓட்டறவங்ககிட்ட எதுக்குங்க பொய்?' என்று மனைவி கேட்டாளே என்று, முதலாளி நேற்றுதான் முதன்முதலாக உண்மையான நேரத்தைச் சொல்லித் தொலைத்திருந்தார்.