மூன்றாவது நாவல்

நோலீன் செருப்புக்கூடப் போடாமல் வேலியருகே ஓடினாள்.

“டார்சி, அந்தப் புல்வெட்டி மெஷினை நிறுத்துப்பா! லெய்ட்டன் எழுதுறான்!”

பக்கத்து வீட்டு டார்சி உடனே நிறுத்தினான். “நிஜமாவா? உன் புருஷன் ஆறு வருஷமா யூக்கலிப்டஸ் மரத்துல கிளியைத்தானே எண்ணிக்கிட்டிருந்தான்!”

“காலையிலேருந்து கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் அத்தியாயம் போகலைன்னா பதிப்பகம் கைகழுவிடும்.”

“அப்போ இந்த வாரம் நான் புல்லே வெட்டலை. காடா வளரட்டும்!”

நோலீனுக்குக் கண் கலங்கியது.

உள்ளே தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலில் லெய்ட்டனின் தலை தெரிந்தது.

“எவன் நிறுத்தச் சொன்னது? வெட்டச் சொல்லு அவனை!”

“நாவல் என்ன ஆகுறது, லெய்ட்டன்?”

“நாவலா? அந்த மெஷின் சத்தத்தைப் பத்தி நகராட்சிக்குப் புகார் எழுதிட்டிருக்கேன். பதினாலு பக்கம் அருவி மாதிரி கொட்டுச்சு. இப்ப ஒரு வரி வரமாட்டேங்குது!”