பட்டியலில் பவுல்

அக்கா எமில்டா வீட்டு வைஃபையில் எது யாருடைய போன் என்று தெரியாமல் குழம்பிக் கிடந்த பெயர்களை ரெக்சன் திருத்தினான். ‘பவுல்’ மட்டும் அழிக்க அழிக்கத் திரும்பி வந்தது.

“ஏலே, உங்க மச்சான் போனு ஒரு வருசமா சார்ஜ் இல்லாம பீரோவுல கெடக்கு,” என்றாள் எமில்டா.

“அது பழைய பதிவு, அக்கா. இப்பம் போயிரும்.”

கடலில் சங்கு குளிப்பவனுக்குப் படகிலிருந்து கயிறு பிடிப்பது மனைவியின் தம்பிதான். அக்காவின் தாலியைக் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. அக்காவின் கணவன் பவுலுக்கு ரெக்சன் பிடித்தான். கடைசி நாளில் கயிறு இரண்டு முறை சுண்டியது. மேலே இழு என்ற சைகை. அலைதான் என்று உறுதியாக இருந்துவிட்டான். பிறகு வெறும் கயிறுதான் வந்தது.

ரெக்சன் ரவுட்டரிலிருந்து கேபிளைக் கழற்றினான். சன்னல் வழியே தெருக்கம்பத்துக்குப் போகும் அந்தக் கேபிள், அவன் கையில் இரண்டு முறை சுண்டியது.

இம்முறை அவன் தாமதிக்கவில்லை. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். கேபிள் நனைந்து, கனத்து வந்தது.