பலகையின் ஐந்தாம் விதி

முதலில் பனியுருண்டை எறியக் கூடாது என்றது மலைப்பள்ளியின் அறிவிப்புப் பலகை. பிறகு சறுக்கக் கூடாது என்றது. அதன்பின் ஓடக் கூடாது, அதற்கும் பின் பனியைத் தொடவே கூடாது என்றது. பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை ஐந்தாவது விதி வந்தது: "பாதுகாப்பு கருதி, மைதானத்துப் பனியில் நிற்கும் எதுவும் அகற்றப்படும். அதன் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும்."

"என்னை இடிக்கத்தானே இது?" என்றான், விதிகள் வருமுன்பே பிள்ளைகள் மைதானத்தில் செய்துவைத்த பனிமனிதன்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி" என்றது பலகை.

"எல்லாருக்கும் என்று எழுதிவிடுங்கள் அண்ணே."

பலகை பெருமையாக எழுதிக்கொண்டது. அதன் இரண்டு கால்களும் முழங்கால்வரை பனியில் புதைந்திருந்தன.

பள்ளி மணி பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது. மைதானத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி முதல் பெயரை வாசித்தது: "அறிவிப்புப் பலகை."