ஒத்தை வரி

“உன் பேரை அழிக்கப் போறேன். இனி இந்தக் கட்டடத்துல ஒரு கதவும் உனக்குத் திறக்காது.”

மேனேஜரின் விரல்கள் கீபோர்டில் தாண்டவம் ஆடின. எதிரே, காலையில் அவர் வேலையை விட்டுத் தூக்கிய பெண் அட்டைப்பெட்டியோடு நின்றாள். யார் அடையாள அட்டை காட்டினால் எந்தக் கதவு திறக்கும் என்று முடிவு செய்யும் அந்த புரோகிராமை மூன்று வருஷம் கண் எரிய எழுதியவள் அவள்தான்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளியம்மா கூட்ட அறையில் அதைப் பார்க்கிறார். எழுதியவருக்குத் துறைத் தலைவர் பதவி. புரோகிராமின் தலைப்பில் மேனேஜர் தன் பேரைக் கொட்டை எழுத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று. இவள் அங்கே நுழைந்து உண்மையைச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

“ஒரே வரி போதும் எனக்கு” என்றார். இந்தப் பீற்றலுக்காகவே ஆபீஸ் முழுக்க அவருக்கு ‘ஒத்தை வரி’ என்று பேர். அனுமதிப் பட்டியலைப் படி, இவள் பேரை மட்டும் விட்டுவிடு, மீதியை அதே கோப்பில் எழுது என்று பெர்ல் என்ற கணினி மொழியில், நடுவே ஒரு அம்புக்குறி போட்டு, அடித்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “சார், படிக்கிற ஃபைலுக்குள்ளயே எழுதறீங்க. வேற பேர்ல எழுதி அப்புறம் மாத்துங்க. அந்த அம்புக்குறி போட்டா...”

“வேலை போனவ எனக்குப் பாடம் எடுக்காத.”

“ஒரு நிமிஷம் கேளுங்க சார்.”

“கெளம்பறியா, செக்யூரிட்டியக் கூப்பிடவா?”

“உங்க இஷ்டம்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தட்டினார். கம்ப்யூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் வேலையை முடித்தது.

மணி பன்னிரண்டு. கூட்ட அறை வாசலில் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துக் காட்டினார், ஊதிக் காட்டினார், கெஞ்சாத குறைதான். சிவப்பு. பின்னால் வந்த முதலாளியம்மா தன் அட்டையைக் காட்டினார். அதற்கும் சிவப்பு.

வியர்த்து விறுவிறுத்து லேப்டாப்பைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். வெள்ளை வெளேர். எழுதுவதற்கென்று திறந்த கணமே கோப்பு சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிட்டது. அப்புறம் படிக்க என்ன இருக்கும்? நாலாயிரம் பேரை, தன்னையும் முதலாளியையும் சேர்த்து, ஒரே வரியில் வெளியே தள்ளிய மகராசன் ஈரேழு உலகத்திலும் அவர் ஒருவர்தான்.

முதலாளியம்மா திரையில் புரோகிராமின் தலைப்பில் இருந்த கொட்டை எழுத்துப் பேரைப் படித்தார். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க எழுதினதுதானே? திறங்க.”