இரண்டு மணிப் படம்

2023 டிசம்பர் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்குக் கண்டியிலுள்ள எங்கள் ஆய்வு அறைக்குச் சுபாஜினி வந்தாள். மடுல்கெல்லைக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தில் மண் சரிந்து பதினொரு நாள்கள் ஆகியிருந்தன. கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவளுடைய தாய் வடிவம்மா இன்னும் கண்டெடுக்கப்படவில்லை.

தோட்டத்தை ஒட்டிய காட்டில் நான்கு கமராக்களைப் பொருத்தியிருக்கிறோம். மரங்களின் அடியில் வளரும் செடிகள் எப்போது துளிர்க்கின்றன, எப்போது வாடுகின்றன என்பதைக் கவனிக்க, மணிக்கொரு படம் கணினிக்கு வரும். அவற்றை ஒழுங்குபடுத்திப் பதிவேட்டில் எழுதுவது, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியையான என் பொறுப்பு.

வடிவம்மா திரும்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தார்ப்பாதை. மற்றது மூன்றாம் கமராவைக் கடந்து இறங்கும் காட்டுப் பாதை. தார்ப்பாதையையும், கமராவுக்குக் கீழே காட்டுப் பாதையையும் மண் மூடிவிட்டது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரமோ ஒன்றுதான்.

எந்தப் பக்கம் தோண்டுவது என்று தீர்மானிக்க, சரிவுக்கு மறுநாளே கிராம சேவகர் எங்களிடம் விசாரித்திருந்தார். நான் படங்களைப் பார்த்து எழுத்தில் பதிலளித்தேன்: எந்தப் படத்திலும் எவரும் இல்லை.

அன்று முதல் தார்ப்பாதையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

சுபாஜினி கதிரையில் உட்காரவில்லை. வேலை செய்யும் புடவைக் கடையில் ஒரு மணிநேர விடுப்புச் சொல்லிவிட்டு வந்ததாகவும், படங்களைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

காட்டினேன்.

மண் சரிந்த நாளன்று, மூன்றாம் கமராவின் ஒரு மணிப் படத்தில், பாதையை மூடிய பன்னச் செடிகள் நிமிர்ந்து நின்றன. மூன்று மணிப் படத்தில் அவை நடுவே பிளந்து, இரு பக்கமும் சாய்ந்திருந்தன. அதற்கு நான் எழுதிய குறிப்பையும் காட்டினேன்: மழையால் சாய்ந்தது.

அவள் திரையருகே குனிந்தாள்.

"மழையில சாஞ்சா எல்லாம் ஒரே பக்கமா கெடக்கும், டீச்சர். இது முதுகுல கூடையோட ஆள் போன தடம்."

பிறகு, இரண்டு மணிப் படம் எங்கே என்று கேட்டாள்.

பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தை அதுவரை நான் மறுபடி புரட்டியிருக்கவில்லை. கிராம சேவகர் கேட்டது படங்களைப் பற்றி மட்டுமே.

என் கையெழுத்து திருத்தமாக இருந்தது. 28.11, பிற்பகல் 2.00, மூன்றாம் கமரா: மனித உருவம் ஒன்று. நீக்கப்பட்டது.

ஆட்கள் பதிவான படங்களை வைத்திருக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. கொழுந்து பறிப்பவர்கள், விறகுக்குப் போகிறவர்கள் என்று நாளுக்குப் பத்துப் பேராவது படத்தில் பதிவாவார்கள். நான் முகம் பார்ப்பதில்லை. படம் வந்த ஐந்தாம் நிமிடத்தில் நிரந்தரமாக அழித்தேன். அடுத்த பத்தாம் நிமிடத்தில் மலை இறங்கியது.

சுபாஜினி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"எங்கம்மாவா?"

தெரியாது என்றேன். அது உண்மை.

திங்கட்கிழமை பதிவேட்டின் பிரதியுடன் இருவரும் கிராம சேவகரிடம் போனோம். உருவம் ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லையே என்றார். பெக்கோ அதற்குள் வேறொரு சரிவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது.

பன்னிரண்டாம் திகதி தேடுதல் நிறுத்தப்பட்டது. காட்டுப் பாதை தோண்டப்படாமலே முள்கம்பியிட்டு அடைக்கப்பட்டது. எங்கள் குழு கூடி, விதியை மாற்றத் தேவையில்லை என்றும், மூன்றாம் கமரா அதே மரத்தில் இருக்கட்டும் என்றும் முடிவு செய்தது. இனி அந்த வழியே எவரும் வரமாட்டார்கள். எந்தப் படத்தையும் நீக்க வேண்டியிராது.